கீழே போன தண்ணீர் எப்படி மேலே வருகிறது?

பெருங்கடல் நீரோட்டம் என்று கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் படம்தான். உலக வரைபடத்தின் மேல் சிவப்பும் நீலமுமாக ஒரு பட்டை வளைந்து வளைந்து போகும். சிவப்பு என்றால் மேல்மட்டத்துச் சூடான நீர், நீலம் என்றால் ஆழத்துக் குளிர்ந்த நீர். வடக்கு அட்லாண்டிக்கில் சிவப்பு கீழே இறங்கி நீலமாகும். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் நீலம் மேலேறிச் சிவப்பாகும். வாலஸ் புரோக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் கட்டுரை ஒன்றுக்காக 1987இல் வரையப்பட்ட படத்தின் வாரிசுகள் இவை. 'கன்வேயர் பெல்ட்' என்ற பெயரும் அப்போதே ஒட்டிக்கொண்டது.

எனக்கு அந்தப் படத்தின் மேல் வெகுகாலமாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் கடலுக்குத் தரையே கிடையாது. நீலப் பட்டை அட்லாண்டிக்கில் வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே வீச்சில் போகிறது, அங்கிருந்து கிழக்கே திரும்புகிறது, பசிபிக்கில் ஏறுகிறது. வழியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மலைத்தொடர்கள் குறுக்கே நிற்பதைப் பற்றி ஒரு கோடுகூட இல்லை. அதைவிட எரிச்சல் தருவது, நீலம் சிவப்பாகும் அந்த இடம். ஒரு அம்புக்குறி மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள். குளிர்ந்த நீர் கனமானது, அதனால் இறங்குகிறது என்பது புரிகிறது. இறங்கியது அங்கேயே கிடக்க வேண்டியதுதானே? எதற்காக மேலே வரவேண்டும்?

நான் கடலியல் படித்தவன் இல்லை. வேலை முடிந்த இரவுகளில் ஆய்வுக் கட்டுரைகளை மெல்ல மெல்லப் படிக்கிற ஆள், அவ்வளவுதான். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்விக்கும், எப்படித் திரும்ப ஏறுகிறது என்ற கேள்விக்கும் விடை அந்தப் படம் வரையாமல் விட்ட தரையில்தான் கிடக்கிறது.

வெப்பமண்டலக் கடலுக்கு அடியில் குளிர்ந்த நீர் கிடக்கிறது என்பதை முதலில் அளந்து சொன்னவர்களில் ஒருவர் ஹென்றி எல்லிஸ். அடிமை வணிகக் கப்பல் ஒன்றின் தலைவர். 1751இல் அட்லாண்டிக்கில், ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் வடிவமைத்துக் கொடுத்த வால்வு வைத்த வாளியைக் கயிறு கட்டி இறக்கிப் பார்த்தார். மேலே சுமார் 29 டிகிரி செல்சியஸ், 1,600 மீட்டர் ஆழத்திலிருந்து வந்த தண்ணீரோ 12 டிகிரி. மதுவைக் குளிரவைக்கவும் குளிக்கவும் அந்த நீர் வசதியாக இருந்தது என்று ஹேல்ஸுக்குக் கடிதம் எழுதினார். (அந்தக் கப்பல் எதற்காகப் போய்க்கொண்டிருந்தது என்பதைக் கடலியல் வரலாறுகள் அரை வரியில் தாண்டிப் போய்விடும்.) அந்த நூற்றாண்டின் கடைசியில் ரம்ஃபோர்ட் பிரபு இதற்கு விளக்கம் சொன்னார்: இந்தக் குளிர் துருவங்களிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், அங்கே இறங்கிய நீர் அடித்தளம் வழியாகப் பூமத்தியரேகை வரை பரவுகிறது.

ரம்ஃபோர்ட் சொன்னது சரி. ஆனால் அவருடைய மனக்கண்ணில் இருந்த கடலடி வழவழப்பானது. அது வழவழப்பானதில்லை என்பதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஏனென்றால் அங்கே மலையைக் காட்டிக்கொடுத்தது ஆழம் பார்க்கும் கயிறு இல்லை, வெப்பமானி.

1868இல் சார்ல்ஸ் வைவில் தாம்சனும் வில்லியம் கார்ப்பென்டரும் 'லைட்னிங்' என்ற கப்பலில் ஸ்காட்லாந்துக்கும் ஃபேரோ தீவுகளுக்கும் நடுவே ஆய்வுக்குப் போனார்கள். பெயர்தான் மின்னல். உண்மையில் அது பிரிட்டிஷ் கடற்படை கழித்துக்கட்டக் காத்திருந்த பழைய துடுப்புச்சக்கரக் கப்பல். வானிலையும் மோசம். அடுத்த ஆண்டு 'போர்க்குபைன்' என்ற நல்ல கப்பல் கிடைத்தது. இரண்டு பயணங்களிலும் ஒரே விசித்திரம். ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏறக்குறைய ஒரே ஆழத்தில், ஓரிடத்தில் நீர் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறிது தூரம் தள்ளிப் போனால் அதைவிட எட்டு டிகிரி அளவுக்குச் சூடு. உயிரினங்களும் வேறு வேறு. 'குளிர்ப் பகுதி', 'சூட்டுப் பகுதி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று அப்போது பிடிபடவில்லை.

பிறகு தாம்சன் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' பயணத்துக்குத் தலைமை தாங்கினார். பிலிப்பைன்ஸுக்கும் போர்னியோவுக்கும் நடுவில் இருக்கும் சுலு கடலில் வெப்பமானியை இறக்கியபோது விடை கிடைத்தது. அந்தக் கடலின் ஆழம் 5,000 மீட்டர் வரை போகும். ஆனால் சில நூறு மீட்டருக்குக் கீழே எவ்வளவு ஆழம் போனாலும் வெப்பம் அதே 10 டிகிரிதான். சுற்றியிருக்கும் கடல்களில் அந்த ஆழத்தில் 2, 3 டிகிரி இருக்க, இங்கே மட்டும் இப்படி. காரணம் எளிது. சுலு கடலைச் சுற்றிலும் கடலடியில் ஒரு கரை எழும்பி நிற்கிறது. அதன் தாழ்வான இடமே சுமார் 400 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து அதைத் தாண்டி உள்ளே வரக்கூடிய நீரில் மிகக் குளிர்ந்ததே 10 டிகிரி. உள்ளே எத்தனை ஆழப் பள்ளம் இருந்தாலும் அது அந்த 10 டிகிரி நீரால்தான் நிரம்பும்.

வயலில் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வயல் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் வரப்பில் மடை எங்கே, எந்த உயரத்தில் வெட்டியிருக்கிறது என்பதுதானே கணக்கு. கடலியலாளர்கள் இந்தத் தாழ்வான கடவுக்கு வேறு பெயர் வைத்திருந்தாலும், இந்தக் கட்டுரையில் நான் மடை என்றே சொல்லப்போகிறேன்.

சுலு கடலின் பாடத்தோடு திரும்பி வந்தவர்கள் பழைய புதிரை மறுபடி எடுத்தார்கள். குளிர்ப் பகுதிக்கும் சூட்டுப் பகுதிக்கும் நடுவில் ஒரு மலைமேடு இருந்தே தீரவேண்டும் என்று கணித்தார்கள். சேலஞ்சரில் மாலுமி அதிகாரியாக இருந்த டிஸார்ட் 1880இல் 'நைட் எரண்ட்' என்ற கப்பலில் போய் ஆழம் பார்த்தார். மேடு இருந்தது. 1882 கோடையில் 'டிரைடன்' என்ற கப்பல் அதை முழுமையாக உறுதிசெய்தது. தாம்சன் அந்த ஆண்டு மார்ச்சிலேயே இறந்துவிட்டார். இன்றைக்கு அதன் பெயர் வைவில் தாம்சன் மேடு.

அந்த மேடு ஒரு பெரிய வரப்பின் சிறிய துண்டு. கிரீன்லாந்திலிருந்து ஐஸ்லாந்து, ஃபேரோ வழியாக ஸ்காட்லாந்து வரை கடலடியில் தொடர்ச்சியாக ஒரு மேடு போகிறது. அதற்கு வடக்கே நார்டிக் கடல்கள். குளிர்காலத்தில் அங்கே மேல்நீர் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கனத்து இறங்கும். இறங்கிய நீர் வரப்புக்குப் பின்னால் தேங்கி நிற்கும். அது அட்லாண்டிக்குக்குள் வர முக்கியமாக இரண்டு மடைகள். கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே டென்மார்க் நீரிணை, ஆழம் 600 மீட்டருக்குச் சற்று மேல். ஃபேரோவுக்குத் தெற்கே வளைந்து போகும் ஃபேரோ திட்டுக் கால்வாய், ஆழம் சுமார் 840 மீட்டர்.

இவை வழியாக வரும் நீரின் அளவைச் சொல்ல, கடலியலாளர்கள் ஸ்வெர்ட்ரப் என்ற அலகை வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்வெர்ட்ரப் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர். அமேசான் ஆறு கடலில் கொட்டுவது சுமார் 0.2 ஸ்வெர்ட்ரப்தான். டென்மார்க் நீரிணையின் மடையில் மட்டும் 3 ஸ்வெர்ட்ரப் அளவுக்கு வழிகிறது. ஃபேரோ பக்கம் 2. மடையைத் தாண்டியதும் அந்த நீர் 3,000 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. 'உலகின் மிகப் பெரிய அருவி கடலுக்கு அடியில்!' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இதுதான். அளவில் பொய் இல்லை. ஆனால் கூடவே வரும் படத்தில் நயாகரா மாதிரி செங்குத்தாகக் கொட்டுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். உண்மையில் அது சில டிகிரி மட்டுமே சாய்ந்த சரிவில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குப் படர்ந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிற ஒரு கனத்த நீர்ப்படலம்.

அது நேராகவும் இறங்குவதில்லை. பூமி சுழல்வதால் வடகோளத்தில் ஓடும் நீர் வலப்பக்கம் ஒதுங்கும். சரிவில் இறங்கப் பார்க்கும் நீரைச் சுழற்சி வலப்பக்கம் திருப்ப, அது கிரீன்லாந்தின் கண்டச் சரிவை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆழம் போகிறது. போகிற போக்கில் சுற்றியிருக்கும் சூடான நீரையும் இழுத்துக் கலந்துகொள்கிறது. அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும், குளிரும் அடர்த்தியும் குறைந்துவிடும். ஆக, மடையின் ஆழம், சரிவின் சாய்வு, தரையின் கரடுமுரடு எல்லாம் சேர்ந்துதான் அட்லாண்டிக்கின் அடிநீர் எப்படிப்பட்டது என்பதைத் தீர்மானிக்கின்றன.

சரிவை ஒட்டி ஓடும் இந்த ஆழ நீரோட்டம் கணக்கில் முதலில் வந்து, பிறகுதான் கண்ணில் பட்டது. ஹென்றி ஸ்டாமெல் என்ற அமெரிக்கர், சுழலும் பூமியில் ஆழநீர் பரவ வேண்டுமென்றால் கடலின் மேற்குக் கரையை ஒட்டி ஒரு பலமான ஓட்டம் இருந்தாக வேண்டும் என்று காகிதத்தில் காட்டினார். 1957இல் ஜான் சுவாலோ என்ற ஆங்கிலேயர், குறிப்பிட்ட ஆழத்தில் மிதந்து ஒலி எழுப்பும் குழாய் மிதவைகளைத் தென் கரோலைனாவுக்கு அப்பால் இறக்கிவிட்டுப் பின்தொடர்ந்தார். மேலே வளைகுடா நீரோட்டம் வடக்கே ஓட, அதற்கு அடியில் மிதவைகள் தெற்கே போயின.

தெற்கிலிருந்து வருவது இன்னொரு கதை. அண்டார்க்டிகாவைச் சுற்றி, வெட்டல் கடல், ராஸ் கடல் போன்ற இடங்களில் கடல்நீர் உறையும்போது உப்பு பனிக்கட்டிக்குள் போகாமல் வெளியே தள்ளப்படும். மிச்ச நீர் உறைநிலைக் குளிரோடு அதிக உப்பும் சேர்ந்து கனத்துவிடும். உலகக் கடல்களின் மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த அண்டார்க்டிக் அடிநீரின் வாரிசு. அது அட்லாண்டிக்கில் வடக்கே வரும்போது நடு அட்லாண்டிக் மலைத்தொடர் கடலை இரண்டு பாதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. மேற்குப் பாதியில் வீமா கால்வாய் என்ற, சுமார் 20 கிலோமீட்டர் அகல மடை வழியாகப் பிரேசில் படுகைக்குள் நுழைந்துவிடலாம். கிழக்குப் பாதியிலோ தென்னாப்பிரிக்காவுக்கு வடமேற்கே வால்விஸ் மேடு குறுக்கே நின்று வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கிழக்கு அட்லாண்டிக்கின் ஆழத்துக்குக் குளிர்நீர் எங்கிருந்து போகிறது?

பெரும்பகுதி, பூமத்தியரேகையில் இருக்கும் ஒரே ஒரு வெட்டு வழியாக. 1883இல் 'ரோமான்ஷ்' என்ற பிரெஞ்சுக் கப்பல், கேப் ஹார்ன் பக்கம் ஆய்வு முடித்துத் திரும்பும்போது, பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் ஆழம் பார்த்தது. மலைத்தொடரின் மேல் இருக்க வேண்டிய இடத்தில் 7,000 மீட்டருக்கு மேல் ஆழம். மலைத்தொடரை ஊடறுத்துக் கிழக்கு மேற்காக ஓடும் பிளவு அது. கண்டத்தட்டுகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்ததால் உண்டானது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது இங்கேயும் பொருட்டில்லை. அதன் மடை சுமார் 4,350 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலே நிற்கும் நீர்தான் கடந்து போக முடியும். அதனால்தான் கிழக்கு அட்லாண்டிக்கின் அடி, மேற்கைவிடச் சூடு. இரண்டு பக்கமும் ஆழம் ஒன்றுபோல, அட்சரேகையும் ஒன்று, ஆனால் நீர் வேறு.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு தனி நிலைமை உண்டு. வடக்கே ஆசியா அடைத்துவிட்டதால் குளிர்ந்து இறங்க அங்கே துருவக் கடல் இல்லை. வங்காள விரிகுடாவின் அடியில் கிடக்கும் நீர் முழுக்கத் தெற்கிலிருந்து வந்தாக வேண்டும். மெரினாவில் வெறும் காலைச் சுடுகிற மணலில் நின்றுகொண்டு கிழக்கே பார்க்கும்போது, எதிரே 3,000 மீட்டர் ஆழத்தில் இருப்பது 2 டிகிரிக்கும் குறைவான தண்ணீர் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

அது வரும் வழியில் நிற்பது தொண்ணூறு கிழக்கு மேடு. கிழக்கு தீர்க்கரேகை 90 டிகிரியை ஒட்டி, அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் நேராகப் போகும் மலைத்தொடர். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து வந்தபோது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கெர்கெலன் தீவுகளின் எரிமலை ஊற்று அதன் அடியில் இருந்து தொடர்ந்து கக்கிக்கொண்டே இருந்தது. தட்டு போன வழியெல்லாம் எரிமலைகள் வரிசையாக எழும்பின. இந்தியா ஆசியாவை நோக்கி வந்த பயணத்தின் தடம்தான் இன்றைக்கு ஒரு சுவராக நின்று கடல்நீரைப் பிரிக்கிறது. சுவருக்குக் கிழக்கே, ஆஸ்திரேலியப் பக்கத்துப் படுகைகளில், அண்டார்க்டிக் அடிநீர் தாராளமாக வடக்கே ஏறிவிடுகிறது. மேற்கே மத்திய இந்தியப் படுகைக்கு நேர்வழி இல்லை, தெற்கில் வேறு மலைத்தொடர்கள் மறிக்கின்றன. அதனால் கிழக்கேயிருந்து சுவரின் தாழ்வான இடங்கள் வழியாக வழிந்துதான் போகவேண்டும். அதில் முக்கியமான ஒன்று சுமார் 10 டிகிரி தெற்கில் இருக்கிறது.

வடக்கே வந்தால் அந்தச் சுவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு வங்காள விரிகுடாவின் தரையை நிரப்பி, மேட்டின் வடபகுதியைப் புதைத்துவிட்டது. அதனால் நம் விரிகுடாவின் ஆழ்தரை பெரும்பாலும் சமவெளி. இதைப் பின்னால் ஒரு இடத்தில் நினைவுபடுத்துவேன்.

இதுவரை சொன்னது தண்ணீர் போகும் வழி. அம்புக்குறி போட்டு விட்டுவிட்ட அந்த ஏற்றத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் கதையின் மையம்.

துருவங்களில் ஆண்டுதோறும் குளிர்நீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏறுவது இல்லையென்றால் சில ஆயிரம் ஆண்டுகளில் கடல் முழுக்கக் குளிர்நீரால் நிரம்பித் தேங்கிவிடும், மேலே ஒரு மெல்லிய சூட்டுப் படலம் மட்டும் மிஞ்சும். அப்படி ஆகவில்லை. வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1966இல் ஒரு கணக்குப் போட்டார். பசிபிக்கின் ஆழநீர் நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏறுகிறது, மேலேயிருந்து வெப்பம் கலந்து இறங்கி அதைச் சூடாக்கி இலேசாக்குகிறது. இந்த இரண்டும் சமன்பட எவ்வளவு கலப்பு வேண்டும் என்பதை அந்தக் கணக்கு சொன்னது. அழகான கணக்கு. சிக்கல் என்னவென்றால், கடலில் கருவி இறக்கிக் கொந்தளிப்பை அளந்தவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. 1992இல் ஜிம் லெட்வெல் குழுவினர் கனரி தீவுகளுக்கு மேற்கே, சுமார் 300 மீட்டர் ஆழத்தில் கந்தக ஹெக்ஸாஃபுளூரைடு என்ற வாயுவைக் கரைத்துவிட்டு, அது எவ்வளவு வேகமாக மேலும் கீழும் பரவுகிறது என்று மாதக்கணக்கில் தேடித் தேடி அளந்தார்கள். அப்போதும் அதே பத்தில் ஒன்று. மீதிக் கலப்பு எங்கே போனது?

பிரேசில் படுகையில் அகப்பட்டது. 1990களின் நடுவில் கர்ட் போல்ஸின் உள்ளிட்டோர் அந்தப் படுகையைக் கிழக்கு மேற்காக அளந்து வெளியிட்ட வரைபடத்தை நான் எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். மேற்கே தரை வழவழப்பான சமவெளி. அங்கே மேலிருந்து அடிவரை தண்ணீர் அமைதி. கிழக்கே நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் கரடுமுரடான பக்கவாட்டு மலைகள். அங்கே தரையிலிருந்து பல நூறு மீட்டர் உயரம் வரை கொந்தளிப்பு. வழவழப்பான தரைக்கு மேலே கிடைத்ததைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான கலப்பு. கோடு கிழித்த மாதிரி, தரை கரடானதும் தண்ணீர் கலங்குகிறது. லெட்வெல் அங்கேயும் 4,000 மீட்டர் ஆழத்தில் வாயுவை விட்டுப் பார்த்தார். அதே முடிவு.

அதற்கான விசை பெருமளவு நிலாவிடமிருந்து வருகிறது. கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதம் கரையில் மட்டும் நடப்பதாக நமக்கு நினைப்பு. நடுக்கடலிலும் முழு நீர்த்தம்பமும், மேலிருந்து அடிவரை, நாளுக்கு இரண்டு முறை முன்னும் பின்னும் அசைகிறது. கீழே மலை இருந்தால் அந்த அசைவு மலைமேல் ஏறி இறங்க வேண்டும். அடர்த்தி வேறுபாடுள்ள நீர்ப்படலங்கள் அப்போது மேலும் கீழும் தூக்கியடிக்கப்பட்டு, கடலுக்குள்ளேயே அலைகள் கிளம்புகின்றன. மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. உள்ளே நூறு மீட்டர் உயர அலைகூட எழலாம். இந்த உள் அலைகள் உடையும் இடத்தில்தான் மேல்நீரும் கீழ்நீரும் கலக்கின்றன. பழைய பாடப்புத்தகங்கள் ஓதங்களின் ஆற்றல் எல்லாம் ஆழமில்லாத கரையோரக் கடல்களில் உராய்ந்து தீர்ந்துவிடுவதாகச் சொல்லின. 2000இல் கேரி எக்பெர்ட்டும் ரிச்சர்ட் ரேயும் டோபெக்ஸ் போஸைடன் செயற்கைக்கோள் தரவை வைத்துப் போட்ட கணக்கில், அதில் கால்பங்குக்கு மேல், சுமார் 1 டெராவாட் (லட்சம் கோடி வாட்), ஆழ்கடலில் மலைகளுக்கு மேலே செலவாகிறது என்று வந்தது. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப் போவதற்கும் இந்த ஓத உராய்வுதான் காரணம். அதில் ஒரு பங்கு கடலடி மலைகளுடையது.

இதைப் படித்தபோது புதிர் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு இன்னொரு கட்டுரை வந்து அதைக் கலைத்துப் போட்டது.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கொந்தளிப்பு தரைக்கு அருகே அதிகம், மேலே போகப் போகக் குறைவு. இப்போது தரையிலிருந்து ஐநூறு மீட்டர் மேலே இருக்கும் ஒரு நீர்ப்படலத்தை எடுத்துக்கொள்வோம். கலப்பு மேலிருந்து வெப்பத்தை அதற்குக் கொண்டுவந்து தருகிறது, அதிலிருந்து கீழேயும் எடுத்துப் போகிறது. கீழேதான் கலப்பு பலமாயிற்றே? அப்படியானால் வருவதைவிடப் போவது அதிகம். படலம் குளிர்கிறது. குளிர்ந்தால் இறங்கும்! நீரை ஏற்றிவிடும் என்று நம்பிய அதே கொந்தளிப்பு அதை இறக்குகிறது. 2016இல் ரஃபேல் ஃபெராரி, காசிமிர் டி லவெர்ன் முதலியோர் இதை விரிவாக எழுதினார்கள். அப்போது எது ஏறுகிறது? தரையை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும். பாறைக்குள் வெப்பம் போக வழியில்லாததால், மேலிருந்து வந்த வெப்பம் முழுக்க அந்தப் படலத்திலேயே தங்கும். அது சூடாகி, இலேசாகி, மலைச்சரிவை ஒட்டியே மேலே ஊர்ந்து ஏறும்.

ஆக, கலப்பால் நடக்கும் ஆழநீர் எழுச்சியில் பெரும்பகுதி, சில பத்து மீட்டர் தடிமனான படலத்தில், சரிவுகளை ஒட்டி மட்டுமே நடக்கிறது. சமவெளியில் ஊர்ந்து ஏறச் சரிவு ஏது? வங்காள விரிகுடாவின் சமதரையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். கடல் முழுவதும் சீராக ஒரு சென்டிமீட்டர் ஏறுகிறது என்ற மங்க்கின் சித்திரத்துக்குப் பதிலாக, பெரும்பாலான இடங்களில் மெல்ல இறக்கம், மலைச்சரிவுகளில் வேகமான ஏற்றம் என்ற சித்திரம் வந்தது. கணக்கில்தான் அது இருந்தது. கடலில் யாரும் பார்த்திருக்கவில்லை.

2021 கோடையில் அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் பள்ளத்தின் ஓரத்தில், கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு குழு அதைப் பார்த்தது. சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில், தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில், ஒரு பீப்பாய் அளவு ஒளிரும் பச்சைச் சாயத்தை விட்டார்கள். பிறகு வேகமாக ஏறி இறங்கும் கருவியால் அதைத் துரத்தினார்கள். சாயம் சரிவை ஒட்டி, நாளுக்கு நூறு மீட்டர் வேகத்தில் இலேசான நீருக்குள் ஏறியது. மங்க்கின் ஒரு சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால் பத்தாயிரம் மடங்கு. ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தின் பெத்தன் வின்-கட்டனக்கும் மற்றவர்களும் 2024இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள். ஒரு பள்ளத்தாக்கில், சில நாள் பார்த்தது இது. உலகம் முழுக்க இப்படித்தான் என்று சொல்லிவிட அது போதாது. ஆனாலும் கோட்பாடு சொன்னதைச் சாயம் வந்து காட்டியதில் ஒரு மகிழ்ச்சி.

மடைகளும் கலப்பும் தனித்தனிக் கதைகளும் இல்லை. தென் பசிபிக்கில் சமோவா கடவு என்று ஒன்று இருக்கிறது. வட பசிபிக்குக்குப் போகும் அடிநீரின் பெரும்பங்கு ஏறக்குறைய 5,000 மீட்டர் ஆழத்தில் இந்த இடுக்கு வழியாகத்தான் நுழைகிறது. 2012இல் மேத்யூ ஆல்ஃபோர்டும் குழுவினரும் அங்கே அளந்தபோது, சுற்றுப்புறக் கடலைவிட ஆயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு கொந்தளிப்பு. மேட்டைத் தாண்டி இறங்கும் நீர் மறுபக்கம் அலையாக எழும்பி உடைகிறது. வழிவிடும் மடையே தன் வழியாகப் போகும் நீரைக் கலக்கிச் சூடாக்கியும் அனுப்புகிறது.

மலைகள் இல்லாமல் ஏறும் வழியும் ஒன்று உண்டு என்பதை விட்டுவிடக்கூடாது. அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடலில் மேற்கிலிருந்து வீசும் பெருங்காற்று மேல்நீரை வடக்கே தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழநீர் மேலே வருகிறது. இன்றைய கணக்கில் ஆழநீரின் பெரும்பங்கு இப்படித்தான் மேற்பரப்பைப் பார்க்கிறது. ஆனால் அங்கேயும் மலைகள் விட்டபாடில்லை. அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் பெரும் நீரோட்டம், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் நீரிணை வழியாக நொடிக்கு 17 கோடி கன மீட்டர் அளவுக்குப் போகிறது. அதைத் தடுத்து நிறுத்த நிலமே இல்லை; காற்று தள்ளத் தள்ள வேகம் கூடிக்கொண்டே போகவேண்டும். போகவில்லை. கடலடி மேடுகளின் ஒரு பக்கம் அழுத்தம் கூடி, மறுபக்கம் குறைந்து, மலைகள் நீரை எதிர்த்துத் தள்ளுகின்றன என்று மங்க்கும் பால்மெனும் 1951லேயே எழுதினார்கள். ஆழநீர் எழும்புவதும் எங்கும் ஒரே சீராக இல்லை, கெர்கெலன் மேட்டுநிலம் போன்ற சில இடங்களில் குவிகிறது.

இவ்வளவுக்கும் அந்தத் தரையை நாம் முழுதாகப் பார்த்ததே இல்லை. ஒலியலை வைத்து நேரடியாக அளந்தது 2025 நடுப்பகுதி நிலவரப்படி 27 சதவீதம் சொச்சம்தான். மீதியை, கடல்மட்டத்தில் மலைகளின் ஈர்ப்பு உண்டாக்கும் நுட்பமான மேடுபள்ளத்தைச் செயற்கைக்கோளால் அளந்து ஊகித்து வைத்திருக்கிறார்கள். பெரிய மலைகளுக்கு அது போதும். சின்ன மலைகளுக்குப் போதாது. 2005 ஜனவரியில் 'சான் பிரான்சிஸ்கோ' என்ற அமெரிக்க அணு நீர்மூழ்கி, குவாம் தீவுக்குத் தெற்கே, தன்னிடம் இருந்த வரைபடத்தில் இல்லாத ஒரு மலையில் முழு வேகத்தில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார்.

தட்பவெப்ப மாதிரிகளை ஓட்டுபவர்களின் பாடு வேறு விதம். அவர்களுடைய கணினியில் கடல் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நெடுங்காலத்துக்கு ஓட்டும் மாதிரிகளில் ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர் அகலம் இருப்பது சாதாரணம். 20 கிலோமீட்டர் அகல வீமா கால்வாயோ, ஃபேரோ கால்வாயோ அதில் எங்கே தெரியும்? கட்டத்தின் சராசரி ஆழத்தைப் போட்டால் மடை மூடிக்கொள்ளும், படுகை நிரம்பாது. எனவே உட்கார்ந்து கையாலேயே திருத்துகிறார்கள். இங்கே ஒரு கட்டத்தை ஆழப்படுத்து, அங்கே ஒரு சுவரை உயர்த்து என்று. ரோமான்ஷ் மடையைச் சில நூறு மீட்டர் தப்பாகப் போட்டாலே கிழக்கு அட்லாண்டிக்கின் அடி வெப்பம் கணக்கில் மாறிப்போகும். வீமா கால்வாயின் நிஜத் தரையில் 1970களிலிருந்து திரும்பத் திரும்ப வெப்பமானி இறக்கிப் பார்க்கிறார்கள். அங்கே அண்டார்க்டிக்கிலிருந்து வரும் நீர் ஆண்டுக்கு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு வீதம் சூடாகிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூடு அடுத்த படுகைக்கு எப்போது, எந்த மடை வழியாக, எவ்வளவு கலந்து போய்ச் சேரும் என்பதைச் சொல்லவேண்டிய மாதிரியில்தான் யாரோ ஒருவர் இன்றைக்கும் கையால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறார்.